ரவுட்டரில் சொருகிய ஹார்ட் டிஸ்க் வீடு முழுக்க எப்படித் தெரிகிறது?

உங்கள் வீட்டு ரவுட்டரைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். லேன் கேபிள் சொருகும் இடங்களுக்குப் பக்கத்தில், பல மாடல்களில், ஒரு யூஎஸ்பி போர்ட்டும் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது வாங்கிய நாளிலிருந்து தூசி படிந்து கிடக்கிறது. மிஞ்சிப்போனால் யாராவது போனுக்குச் சார்ஜ் போட்டிருப்பார்கள். அதில் ஒரு பென் டிரைவையோ ஹார்ட் டிஸ்க்கையோ சொருகினால் வீட்டிலுள்ள போன், லேப்டாப், டிவி எல்லாவற்றிலும் அதைத் திறந்து பார்க்கலாம். இந்த அளவுக்குப் பலருக்கும் தெரியும். குழப்பம் அதற்கு அப்புறம்தான்.

"ரவுட்டர்ல போட்டா நெட் டேட்டா காலியாயிடும்" என்பார் ஒருவர். "அது கிளவுட் மாதிரி, வெளியூர்ல இருந்தும் பார்க்கலாம்" என்பார் இன்னொருவர். "ஐயோ, அப்போ ஊரே பார்க்குமே!" என்று மூன்றாமவர் பதறுவார். "பெரிய பிளான் போட்டாதான் படம் நிக்காம ஓடும்" என்று சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. எல்லோரும் வழுக்குவது ஒரே இடத்தில்தான். ரவுட்டர் என்றாலே இணையம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

## வைஃபை வேறு, இணையம் வேறு

ரவுட்டருக்கு இரண்டு வேலை. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைப்பது முதல் வேலை. அவை இணையத்துக்குப் போய்வர வழிவிடுவது இரண்டாவது வேலை. முதல் வேலையால் உண்டாவதுதான் வீட்டு நெட்வொர்க். வைஃபையும் லேன் கேபிளும் அதற்குள் ஓடும் பாதைகள். வெளியிலிருந்து வரும் ஃபைபர் ஒயருக்கும் அந்த முதல் வேலைக்கும் சம்பந்தமே கிடையாது.

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் கொடுக்கிறது. அதுதான் ஐபி முகவரி. உங்கள் லேப்டாப்புக்கு 192.168.1.5 கிடைத்திருக்கலாம், டிவிக்கு 192.168.1.8. ரவுட்டர் தனக்குப் பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று வைத்துக்கொள்ளும். 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்க வேண்டும் என்று 1990-களிலேயே ஒதுக்கப்பட்டுவிட்டன. பக்கத்து வீட்டு ரவுட்டருக்கும் இதே 192.168.1.1 இருக்கலாம், அதனால் எந்தக் குழப்பமும் வராது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து யாரும் உங்கள் வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கவும் முடியாது.

இப்போது லேப்டாப்பிலிருந்து, ரவுட்டரில் சொருகிய டிஸ்க்கிலுள்ள ஒரு வீடியோவைத் திறக்கிறீர்கள். கோரிக்கை லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்குப் போகிறது. வீடியோ ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு வருகிறது. அவ்வளவுதான், ஃபைபர் ஒயர் பக்கமே எதுவும் போகவில்லை. நம்ப முடியாவிட்டால் அடுத்த முறை நெட் போகும்போது சோதித்துப் பாருங்கள். ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், யூடியூப் சுற்றிக்கொண்டே இருக்கும், டிஸ்க்கிலுள்ள வீடியோ மட்டும் அது பாட்டுக்கு ஓடும்.

ஆக, டிஸ்க்கைப் பகிர்வதால் இணைய டேட்டா செலவாகாது. இணையமே இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும்.

## மருந்துக்கடை கவுன்டர்

பென் டிரைவை லேப்டாப்பிலேயே சொருகினால், சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்த மாதிரி. எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று லேப்டாப்பே தேடும், எடுக்கும், இடம் மாற்றி வைக்கும். ரவுட்டரில் சொருகினால் அது மருந்துக்கடை. நாம் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று சீட்டை நீட்டுகிறோம். கடைக்காரர் உள்ளே போய் எடுத்துவந்து கொடுக்கிறார். மருந்துகளை அகரவரிசையில் அடுக்கியிருக்கிறாரா, கம்பெனிவாரியாக அடுக்கியிருக்கிறாரா என்பது நமக்குத் தெரியவேண்டியதில்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் சீட்டு நீட்டலாம். உள்ளே கைவைப்பது அவர் ஒருவர்தான்.

ரவுட்டருக்குள் உண்மையில் நடப்பதும் இதுதான். ரவுட்டர் என்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்குள் பிராசசர் இருக்கிறது, கொஞ்சம் மெமரி இருக்கிறது, ஓர் ஆபரேட்டிங் சிஸ்டமும் இருக்கிறது. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் அது லினக்ஸ். டிஸ்க்கைச் சொருகியதும் அந்த லினக்ஸ்தான் அதைத் திறந்து படித்து, தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறது. பிறகு ரவுட்டரிலேயே ஓடும் ஒரு மென்பொருள், "இந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது?", "இந்தக் கோப்பைக் கொடு", "இதை அங்கே எழுது" என்று மற்ற கருவிகள் கேட்பதைக் கேட்டு வேலையை முடித்துத் தருகிறது. இப்படிக் கேட்டதைக் கொடுக்கும் கம்ப்யூட்டரைச் சர்வர் என்பார்கள்.

இது புரிந்துவிட்டால், ஏன் இப்படி நடக்கிறது என்று தலையைச் சொறிய வைக்கும் பல விஷயங்கள் தானாகவே தெளிந்துவிடும்.

நேரடியாகச் சொருகிய பென் டிரைவை வலது கிளிக் செய்தால் 'ஃபார்மேட்' என்று ஒரு வசதி வரும். ரவுட்டர் வழியாகத் திறந்தால் வராது. டிஸ்க் உங்கள் லேப்டாப்புடையதே இல்லையே! அதைவிட முக்கியமானது ரீசைக்கிள் பின். விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து, ரவுட்டர் வழியாகத் திறந்த ஃபோல்டரில் ஒரு கோப்பை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும். 'நிரந்தரமாக நீக்கவா?' என்று விண்டோஸ் கேட்பதைப் படிக்காமல் 'யெஸ்' அழுத்துபவர்கள்தான் அதிகம்.

## டிஸ்க்கைப் படிக்கத் தெரிய வேண்டியது யாருக்கு?

டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். பென் டிரைவ்களில் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட், விண்டோஸில் ஃபார்மேட் செய்த ஹார்ட் டிஸ்க்குகளில் என்டிஎஃப்எஸ், லினக்ஸ் உலகில் எக்ஸ்ட்4. இவ்வளவு பெயர் தெரிந்தால் போதும்.

மேக் கம்ப்யூட்டரில் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை நேரடியாகச் சொருகினால் படிக்க மட்டும்தான் முடியும். தனி மென்பொருள் இல்லாமல் அதில் எதையும் எழுத முடியாது. அதே டிஸ்க்கை ரவுட்டரில் சொருகிவிட்டு, அதே மேக்கிலிருந்து வைஃபை வழியாகத் திறந்தால் தாராளமாக எழுதலாம். எழுதுவது மேக் இல்லை, ரவுட்டர். என்டிஎஃப்எஸ் தெரிந்திருக்க வேண்டியது அதற்கு மட்டும்தான். போனுக்கும் டிவிக்கும் இதே கதைதான்.

இதில் வரும் சிக்கலும் ரவுட்டரைச் சேர்ந்ததே. எக்ஸ்ஃபேட் முறையின் முழு விவரத்தை மைக்ரோசாஃப்ட் 2019-ல்தான் வெளிப்படையாகத் தந்தது. அதற்கு முன் தயாரான ரவுட்டர்கள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் பென் டிரைவைக் கண்டால் ஒன்றும் புரியாது, காலி துளை மாதிரியே இருந்துவிடும். "பென் டிரைவ் கெட்டுப்போச்சு" என்று சிலர் தூக்கியே போட்டுவிடுகிறார்கள். ஃபேட்32 எல்லா ரவுட்டருக்கும் புரியும். ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது. கல்யாண வீடியோவைப் பாதிவரை ஏற்றிவிட்டு இடம் இருந்தும் 'முடியாது' என்று நின்றால், காரணம் பெரும்பாலும் இதுதான். சொருகி வைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு என்டிஎஃப்எஸ் வைத்துக்கொள்வது நடைமுறையில் வசதி.

## கேட்பதற்கும் ஒரு முறை உண்டு

இரண்டு கம்ப்யூட்டர்கள் எப்படிக் கேட்பது, எப்படிப் பதில் சொல்வது என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்ட விதிகளுக்குப் புரோட்டோகால் என்று பெயர். வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர அதிகம் பயன்படுவது எஸ்எம்பி. 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்து, விண்டோஸோடு வளர்ந்தது. விண்டோஸ் அல்லாத கருவிகளும் அதைப் பேசும்படி சம்பா என்ற இலவச மென்பொருளை ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கினார். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், அதாவது பிரவுசரில் ரவுட்டரின் ஐபி முகவரியைத் தட்டினால் வரும் செட்டிங்ஸ் பக்கத்தில், 'சம்பா' என்று ஒரு பட்டனைப் பார்த்தால் அது இதுதான்.

எஸ்எம்பியில் பழைய பதிப்பு, புதிய பதிப்பு என்ற தகராறு ஒன்று இருக்கிறது. இந்த விஷயத்தில் வரும் புகார்களில் பாதி இதனால்தான் என்பது என் எண்ணம். முதல் பதிப்பான எஸ்எம்பி1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் வரை முடங்கின. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 தானாக நிறுவப்படுவதில்லை. ஆனால் பழைய ரவுட்டர்கள் பலவற்றுக்கு எஸ்எம்பி1 மட்டுமே தெரியும். விளைவு, போனில் திறக்கும் டிஸ்க் புது லேப்டாப்பில் திறக்காது, 'பாதுகாப்பற்ற பகிர்வு' என்று ஒரு எச்சரிக்கை வந்து நிற்கும். எஸ்எம்பி1-ஐ லேப்டாப்பில் திரும்ப இயக்குவது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்கள் ஏராளம். அதைச் செய்யாதீர்கள். ரவுட்டருக்குப் புதிய ஃபர்ம்வேர், அதாவது அதன் உள் மென்பொருளின் புதுப் பதிப்பு, வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வரவில்லை என்றால் அந்த ரவுட்டரில் இந்த வசதியை மறந்துவிடுவதே நல்லது.

2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு இன்னும் கறார். பெயரும் கடவுச்சொல்லும் கேட்காமல் யாரையும் உள்ளே விடும் பகிர்வை அதன் புரோ பதிப்பு தானாகவே மறுத்துவிடும். நேற்றுவரை திறந்தது இன்று அப்டேட்டுக்குப் பிறகு திறக்கவில்லை என்றால் ரவுட்டரில் ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் வைத்துப் பாருங்கள்.

டிவிக்கு மட்டும் வேறு ஒரு பழக்கம். பல டிவிகள் எஸ்எம்பியைக் கேட்பதில்லை, டிஎல்என்ஏ என்ற முறையைத்தான் கேட்கும். அது படம், பாட்டு, வீடியோ மூன்றை மட்டும் பட்டியல் போட்டுக் காட்டும். டிவியிலிருந்து எதையும் அழிக்கவோ மாற்றவோ முடியாது. குழந்தைகள் ரிமோட்டை வைத்திருக்கும் வீட்டில் இதுவும் ஒரு வசதிதான். ரவுட்டரில் 'மீடியா சர்வர்' என்ற பெயரில் இருக்கும்.

சரி, திறப்பது எப்படி? ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் யூஎஸ்பி பகிர்வை இயக்குங்கள். விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.1 என்று தட்டி என்டர் அழுத்துங்கள். சாய்கோடுகள் இடப்பக்கம் சாய்ந்தவை, இரண்டு. மேக்கில் ஃபைண்டரின் 'கோ' மெனுவில் 'கனெக்ட் டு சர்வர்' என்பதற்குள் ரவுட்டரின் முகவரியைக் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் விஎல்சி செயலியே வீட்டு நெட்வொர்க்கைத் தேடிக் காட்டிவிடும்.

கொஞ்சம் நிறுத்திப் பார்த்தால்: டிஸ்க்கைப் படிப்பது ரவுட்டர், அதற்கு ஃபைல் சிஸ்டம் தெரிய வேண்டும். ரவுட்டரிடம் கேட்பது லேப்டாப், அதற்கு எஸ்எம்பி தெரிய வேண்டும். எதுவும் திறக்கவில்லை என்றால் கோளாறு இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று முதலில் பிரித்துக்கொள்ளலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஸ்க்கின் பெயரும் அளவும் தெரிந்தால் முதல் பக்கம் சரி.

## வேகம்: கணக்கு போட்டுப் பார்ப்போம்

இணைய பிளானை 'ஐம்பது எம்பி' என்று சொல்கிறோமே, அது மெகாபிட். கோப்பின் அளவைச் சொல்லும் எம்பி, மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். அதனால் 50 மெகாபிட் பிளானில் நொடிக்கு ஆறேகால் மெகாபைட்தான் வரும். ரவுட்டரில் சொருகிய டிஸ்க்குக்கு இந்த எல்லை கிடையாது. அதற்கான எல்லைகள் வேறு.

டிஸ்க்கிலிருந்து லேப்டாப் வரை நான்கு இடங்களை ஒரு கோப்பு கடக்க வேண்டும். டிஸ்க், யூஎஸ்பி போர்ட், ரவுட்டரின் பிராசசர், கடைசியாக வைஃபை அல்லது கேபிள். இவற்றில் மெதுவானது எதுவோ அதுவே மொத்த வேகம். யூஎஸ்பி 2.0 போர்ட் பேப்பரில் 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையில் 30, 40 தாண்டாது. ரவுட்டரின் லேன் போர்ட் 100 மெகாபிட் வகை என்றால் கேபிளில் 12.5 மெகாபைட்டுக்கு மேல் போகவே வழியில்லை. கிகாபிட் வகை என்றால் அதுபோல் பத்து மடங்கு.

பெரும்பாலும் காலை வாரிவிடுவது மூன்றாவது இடம். விலை குறைந்த ரவுட்டர்களின் பிராசசர், இணைய வேலைக்குப் போதுமான அளவுக்கே பார்த்துப் பார்த்துப் போடப்பட்டது. டிஸ்க்கைப் படிப்பது, எஸ்எம்பி பேசுவது இரண்டையும் அதன் தலையில் கட்டினால் மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட ரவுட்டரில் நொடிக்கு 10 மெகாபைட் கிடைத்தால் திருப்திப்பட்டுக்கொள்ளலாம். டிஸ்க் எஸ்எஸ்டியாக, அதாவது தட்டு சுழலாத வேகமான வகையாக, இருந்தாலும், வைஃபை 6 என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தாலும் அது மாறாது.

அந்த 10 மெகாபைட்டை வைத்து 8 ஜிபி கல்யாண வீடியோவைக் கணக்கிடுவோம். அதை லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் டிஸ்க்குக்கு ஏற்ற 800 நொடி, சுமார் 13 நிமிடம். எழுதும் வேகம் படிக்கும் வேகத்தைவிடப் பொதுவாகக் குறைவு என்பதால் இன்னும் கூடலாம். அதே கல்யாணத்தின் இன்னொரு முழு எச்டி வீடியோவைப் பார்க்க மட்டும் போகிறீர்கள். அது நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் பதிவானது என்று வைத்துக்கொண்டால் 1 மெகாபைட் போதும். பத்தில் ஒரு பங்கு. காப்பி செய்யும்போது ஆமையாக நகரும் ரவுட்டர், படம் போடும்போது ஒரு தடங்கலும் இல்லாமல் ஓட்டுவது இதனால்தான். பெரிய கோப்புகளை முதலில் லேப்டாப்பில் நேரடியாகச் சொருகி ஏற்றிவிட்டு, அப்புறம் டிஸ்க்கை ரவுட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

யூஎஸ்பி 3.0 விஷயத்தில் ஒரு விநோதம். அதில் டேட்டா ஓடும்போது கிளம்பும் மின்னிரைச்சல், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கும் அதே அலைவரிசையில் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை ஆராய்ந்து எழுதியது. டிஸ்க் சொருகியதிலிருந்து வைஃபை தள்ளாடினால் டிஸ்க்கை ஆன்டெனாவிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள், கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

## கரண்ட்

யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டிய மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட் 900. பென் டிரைவுக்கு இது ஏராளம். உள்ளே தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு, குறிப்பாகச் சுழலத் தொடங்கும் அந்த சில நொடிகளில், 500 பத்தாமல் போகலாம். 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்து, டிஸ்க் பட்டியலில் தோன்றித் தோன்றி மறைந்தால் அது கரண்ட் பசி. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் போட்டால் சரியாகிவிடும்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய தொல்லை பவர் கட். 'காப்பி முடிந்தது' என்று லேப்டாப் சொன்ன பிறகும் கடைசித் துணுக்குகள் சில நொடிகள் ரவுட்டரின் மெமரியிலேயே காத்திருக்கலாம். அந்த நேரத்தில் கரண்ட் போனால் கோப்பு மட்டுமின்றி ஃபைல் சிஸ்டமே கந்தலாகலாம். கழற்றும்போதும் இதே ஆபத்து உண்டு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'சேஃப்லி ரிமூவ்' அல்லது 'எஜெக்ட்' இருக்கும், அதை அழுத்திவிட்டுத்தான் உருவ வேண்டும். இவ்வளவு மென்மையான இடத்தில் ஒரே பிரதியாக எதையும் வைப்பது சரியில்லை. ரவுட்டர் டிஸ்க், பகிர்ந்து பார்க்கத்தான். பேக்கப் வேறு இடத்தில் இருக்கட்டும்.

## 'ஊரே பார்க்குமா?'

தானாகப் பார்க்காது. ஆனால் நாமே, அல்லது ரவுட்டர் தயாரித்தவரே, கதவைத் திறந்து வைத்தால் பார்க்கும். ஏசுஸ் ரவுட்டர்களில் யூஎஸ்பி டிஸ்க்கை வெளியிலிருந்தும் திறக்க எஃப்டிபி என்ற பழைய முறையில் ஒரு வசதி இருந்தது. அமைக்கும்போது அது காட்டிய இயல்பான தேர்வை அப்படியே ஏற்றுக்கொண்டவர்களின் டிஸ்க், பாஸ்வேர்டே இல்லாமல் உலகத்துக்கே திறந்து கிடந்தது. 2014 பிப்ரவரியில் பலர் தங்கள் டிஸ்க்கில் முன்பின் தெரியாத ஒரு கோப்பைக் கண்டார்கள். 'உங்கள் ரவுட்டரையும் ஆவணங்களையும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம்' என்று அதில் எழுதியிருந்தது. இப்படி 12,900-க்கும் மேற்பட்டவர்களின் டிஸ்க்குகளுக்குள் வெளியாட்கள் நுழைந்ததாக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் பிறகு சொன்னது. 2016-ல் அந்த நிறுவனம் ஆணையத்தோடு சமரசத்துக்கு வந்து, 20 ஆண்டுகளுக்குத் தணிக்கைக்கு உட்பட ஒப்புக்கொண்டது.

எனவே அமைப்புப் பக்கத்தில் எஃப்டிபி, 'இணையம் வழியாக அணுகல்' என்று எது இருந்தாலும் அணைத்து வையுங்கள். எஸ்எம்பிக்குப் பாஸ்வேர்டு போடுங்கள். விருந்தாளிகளுக்கு வீட்டு வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்காமல் 'கெஸ்ட் நெட்வொர்க்' தனியாக வைத்துக் கொடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் அதிலிருந்து டிஸ்க் தெரியாது.

வெளியூரிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு முறையான வழி விபிஎன், அதாவது வீட்டு நெட்வொர்க்குக்குள் பூட்டிய பாதை வழியாக நுழைவது. சில ரவுட்டர்களில் அது இருக்கிறது. ஆனால் இந்தியாவில் பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குச் சேர்த்துக் கொடுப்பதால், வெளியிலிருந்து உங்கள் ரவுட்டரை நேரடியாகக் கூப்பிடவே முடியாமல் போகலாம். தனி முகவரிக்கு மாதா மாதம் கூடுதலாகப் பணம் கேட்பார்கள். நான்கு போட்டோக்களை ஊரிலிருக்கும் அக்காவுக்குக் காட்ட இவ்வளவு பாடு தேவையில்லை, கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பிவிடலாம்.